பல்கலைக்கழகத்தில் பாலியல் வன்முறையைத் தடுக்க எங்கிருந்து தொடங்குவது?

யாழ்ப்பாணத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: பால்நிலைச் சமத்துவத்துக்காக எங்கள் பீடத்தில் ஒரு மாணவர் குழு தொடங்கப் போகிறோம், பதாகையும் கருத்தரங்கும் தவிர உருப்படியாக என்ன செய்யலாம்?

நான் சில வருடங்கள் ஒரு பெண்கள் விடுதியில் துணைப் பொறுப்பாளராக இருந்தேன். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. என்னை நம்பிப் பேசிய பிள்ளைகள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். என் பதில் இதுதான்: முறைப்பாடு செய்கிற பிள்ளையின் படிப்புக்கு ஒன்றும் ஆகாது என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

விடுதியில் இரவு நேரத்தில் என் கதவைத் தட்டியவர்கள் எதைச் சொல்லத் தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். "மிஸ், வீட்டை சொல்லிப்போடாதேங்கோ. அப்பா அறிஞ்சா படிச்சது காணும் எண்டு கூட்டிக்கொண்டு போயிடுவார்." தொல்லை கொடுத்தவனைப் பற்றிய பயத்தைவிட இந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

பெற்றோரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் 1996 இல் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி செம்மணி இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டு, வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும்கூடக் கொல்லப்பட்டார்கள். 2015 இல் புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போகும் வழியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட மாணவி வித்தியா. இதையெல்லாம் பார்த்த தலைமுறை பிள்ளையை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வது அன்பினால்தான். ஆனாலும் முடிவில் படிப்பை இழப்பது பாதிக்கப்பட்ட பிள்ளை. செய்தவன் அடுத்த நாளும் விரிவுரைக்கு வருகிறான்.

ஆகவே உங்கள் குழு நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய முதல் விடயம், முறைப்பாடு வந்தவுடன் தகப்பனுக்குத் தொலைபேசி எடுக்கக் கூடாது என்பது. பல்கலைக்கழக மாணவி 18 வயது தாண்டியவர். வீட்டுக்கு எப்போது சொல்வது, யார் சொல்வது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். இதை எழுத்தில் வாங்குங்கள். பொறுப்பில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், வாய்ச்சொல் அவர்களோடு போய்விடும்.

பாதுகாப்பு என்ற பெயரில் வரும் கட்டுப்பாடுகளையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஒரு சம்பவம் நடந்தால் பெண்கள் விடுதிக் கதவு இன்னும் ஒரு மணித்தியாலம் முன்னதாகப் பூட்டப்படும். நூலகம் திறந்திருக்கும், ஆய்வுகூடம் திறந்திருக்கும், ஆனால் அங்கே இருந்து படிப்பது ஆண்கள் மட்டும். இதை நான் பாதுகாப்பு என்று ஏற்க மாட்டேன். கேட்க வேண்டியது நூலகத்திலிருந்து விடுதி வரைக்கும் எரிகிற விளக்கு, இரவில் கூட வரக்கூடிய பெண் காவலாளி. விடுதியில் இடம் கிடைக்காமல் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள திருநெல்வேலி, கலட்டி, கோண்டாவில் பக்கம் வீடுகளில் அறை எடுத்து இருப்பவர்களை நிர்வாகம் அடிக்கடி மறந்துவிடுகிறது. அறைக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறவனைப் பற்றி அந்தப் பிள்ளை யாரிடம் சொல்வாள்? வளவுக்கு வெளியே நடந்தது எங்கள் பொறுப்பு இல்லை என்று ஒருவரும் கையை விரிக்கக் கூடாது.

பகிடிவதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாலியல் தொல்லை பெரும்பாலும் அந்த வாசலால்தான் உள்ளே வருகிறது. புதுமுக மாணவியின் தொலைபேசி இலக்கத்தை வாங்குவது, இரவில் எடுத்தால் பேசியே ஆகவேண்டும் என்பது, என்ன உடுக்க வேண்டும், தலையை எப்படிப் பின்ன வேண்டும் என்று சட்டம் போடுவது, ஒரு சீனியரைக் காட்டி "இவர்தான் உனக்கு" என்று சொல்வது. இவையெல்லாம் விளையாட்டு என்றுதான் அறிமுகமாகும். எதிர்த்தால் பட்ச் முழுவதும் ஒதுக்கும். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடுப்புச் சட்டத்தில் பகிடிவதைக்கு 2 வருடம் வரையும், அதோடு பாலியல் துன்புறுத்தலும் சேர்ந்தால் 10 வருடம் வரையும் சிறைத்தண்டனை உண்டு. உடம்பில் காயம் இருந்தால்தான் குற்றம் என்று இல்லை, மனத்துயரும் பயமும் உண்டாக்குவதே போதும். இந்தச் சட்டம் இருப்பது சீனியர்களில் பாதிப்பேருக்குக்கூடத் தெரியாது என்பது என் எண்ணம். புதுமுக மாணவர்கள் வரும் முதல் வாரத்தில் இதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

ஆண் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். ஆடையைக் களையச் சொல்லிச் சிரிப்பது பாலியல் வன்முறை. அதை யாரிடமும் சொல்ல வழியில்லாமல் இருந்துவிட்டு, அடுத்த வருடம் அதையே தன் ஜூனியருக்குச் செய்கிறவனை நான் கண்டிருக்கிறேன். நடை, பேச்சு கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம்.

அடுத்தது, புள்ளி போடும் கை. இதைத்தான் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். இறுதி வருட ஆய்வை மேற்பார்வை செய்கிறவர் தேவையில்லாத செய்தி அனுப்பினால் மாணவி என்ன செய்வாள்? வகுப்புச் சித்தி, பிறகு உதவி விரிவுரையாளர் வேலை, எல்லாம் அந்த ஒருவரின் கையெழுத்தில் தொங்குகிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு 1995 இல் திருத்தப்பட்டபோது, சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் துன்புறுத்தல் 5 வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றமானது. அதிகாரத்தில் இருப்பவர் வேலையிடத்திலோ வேறெங்கோ இப்படி நடந்தாலும் இதற்குள் அடங்கும் என்று அந்தப் பிரிவே விளக்கம் சொல்கிறது. 2023 இன் ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. அரச பல்கலைக்கழகத்தில் புள்ளிக்காக உடம்பைக் கேட்பவர் இலஞ்சம் கேட்கிறார். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

ஆனால் சட்டத்துக்குப் போகத் துணிபவர் எத்தனை பேர்? அதற்கு முன்னாலேயே ஒரு சின்ன ஏற்பாடு வேண்டும். மேற்பார்வையாளரை மாற்றக் கேட்டால் காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுக்க வேண்டும். முறைப்பாட்டுக்கு உள்ளானவர் அந்த மாணவியின் விடைத்தாளைத் தொடக் கூடாது, வேறொருவர் திருத்த வேண்டும். பணச் செலவு இல்லாத காரியம் இது. நான் பார்த்த வரையில், மாணவர்கள் விடாமல் கேட்டால் கிடைக்கக்கூடியதும் இதுதான்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வழிகாட்டலில் பல்கலைக்கழகங்களில் பால்நிலைச் சமத்துவத்துக்கான நிலையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் போய்ப் பாருங்கள். கதவு திறந்திருக்கிறதா, உள்ளே போகிறவரை முழுக் கன்டீனும் பார்க்குமா, முறைப்பாடு கொடுத்ததற்குத் திகதி போட்டுக் கடிதம் தருவார்களா, எத்தனை நாளில் பதில் வரும்? யாழ்ப்பாணத்துக்கென்று இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. தமிழ் தெரியாத சிங்கள மாணவி வந்தால் அவளோடு யார் பேசுவார்? கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பீடத்துப் பிள்ளை 60 கிலோமீற்றருக்கு மேல் பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு வந்துதான் சொல்ல வேண்டுமா? துப்புரவு வேலை செய்யும் அம்மாமாருக்கும் ஒப்பந்தத்தில் இருக்கும் ஊழியர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சமத்துவம் பற்றிப் பேசும்போது, பெண்கள்தானே கூடப் படிக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், நாட்டின் பல்கலைக்கழக அனுமதியில் பாதிக்கு மேல் பெண்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு 2011 இல் பேராசிரியர் வசந்தி அரசரத்தினம் துணைவேந்தரானார். ஆனாலும் மாணவர் ஒன்றியத் தேர்தலில் தலைவர் ஆண், பெண்ணுக்கு உபதலைவர் என்ற வழக்கம் பல இடங்களில் அசையாமல் இருக்கிறது. உங்கள் குழுவிலாவது அதை மாற்றுங்கள்.

இந்த ஊருக்கு இது புது வேலையும் இல்லை. மருத்துவபீட உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜனி திரணகம போர்க்காலத்தில் பெண்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்லக் கேட்டு எழுதி வைத்தார். 1989 செப்டெம்பர் 21 இல் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் செய்த வேலையில் முக்கால்வாசி, நம்பகமாகக் கேட்டதுதான். உங்கள் குழுவில் இரண்டு பேராவது அதைப் பழக வேண்டும்: குறுக்கே பேசாமல், "நீ ஏன் அங்கை போனனீ" என்று கேட்காமல், மற்றவரிடம் சொல்லாமல்.

சரி, நாளைக்கே செய்யக்கூடியது. விடுதி அறிவித்தல் பலகையிலும் பெண்கள், ஆண்கள் கழிப்பறைக் கதவுகளின் உட்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டுங்கள். அதில் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் அவசர இலக்கம் 119, உங்கள் பால்நிலைச் சமத்துவ நிலையத்தில் பொறுப்பானவரின் பெயரும் அறையும் இருக்கட்டும். வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவ அரச வைத்தியசாலைகளில் இருக்கும் நட்பு நிலையம் பற்றியும் எழுதுங்கள். வல்லுறவு நடந்திருந்தால் குளிக்காமல், உடுப்பைத் தோய்க்காமல் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். பொலிசுக்குப் போன பிறகுதான் வைத்தியம் என்று இல்லை. தொலைபேசியில் வந்த செய்திகளை அழிக்க வேண்டாம், படமெடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வைக்கலாம். முறைப்பாடு செய்வதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்காதவர்கூட நடந்ததைத் திகதி, நேரம், இடத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். ஆறு மாதம் கழித்து மனம் மாறினாலும் அந்தப் பக்கம் கைகொடுக்கும்.