பழைய எம்எக்ஸ்-5 என்ஜின் பாகங்களைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட முடியுமா?

கேள்வி: 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். பழைய பாகங்கள் விற்பவரிடம் அதற்கு ஒரு வால்வு கவரும் (என்ஜினின் மேல் மூடி) இன்டேக் மேனிஃபோல்டும் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) சில பிராக்கெட்டுகளும் வாங்கினேன். எல்லாம் கறுத்து, வெள்ளை பூத்துக் கிடக்கின்றன. வீட்டிலேயே கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு மாட்ட முடியுமா?

பதில்:

முடியும். ஆனால் எல்லாவற்றையும் கண்ணாடியாக்காதீர்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் இந்தக் காரை அறிமுகம் செய்தபோது, பானெட்டைத் திறந்தால் 1960-களின் பிரிட்டிஷ், இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களின் இரட்டைக் கேம் என்ஜின் (வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு இரண்டு உள்ளது) ஞாபகம் வர வேண்டும் என்றே மாஸ்டாக்காரர்கள் அந்த வால்வு கவரை வடிவமைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் மூடி போட்டு மறைக்காமல், நிறம் பூசாத வார்ப்பு அலுமினியத்தை அப்படியே கண்ணுக்குத் தெரிய விட்டார்கள். அந்த வார்ப்பின் மங்கலான வெள்ளி நிறம்தான் அதன் அழகு. அதை முதலில் மீட்டெடுங்கள். பளபளப்பு வேண்டிய இடம் எது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.

பாதிப் பேர் கோட்டை விடுவது கழுவும்போதே. எண்ணெய்க் கறை போக வேண்டுமென்று காஸ்டிக் சோடா கலந்த கிளீனரையோ, அடுப்பு சுத்தம் செய்யும் நுரையையோ அடிக்கிறார்கள். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகவே படியும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். பிஎச் சுமார் 4-லிருந்து 9 வரைதான் அந்தப் படலம் தாக்குப்பிடிக்கும். காஸ்டிக் அதைக் கரைத்து உலோகத்தையே அரிக்கும், ஹைட்ரஜன் குமிழியிடும், பாகம் கறுத்துப் போகும். டிஷ்வாஷரில் வைத்துக் கழுவினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் போடும் சோப்பு மாத்திரைகளும் காரத்தன்மை உள்ளவைதான், அலுமினியம் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். மண்ணெண்ணெயில் ஊற வைத்து பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் வெந்நீரும் போதும். இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். எஃகுக் கம்பி பிரஷ் வேண்டாம். அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து பிற்பாடு துருப்புள்ளியாகக் கிளம்பும். பித்தளை பிரஷ் வாங்குங்கள்.

கழுவி முடித்ததும், வாங்கிய பாகம் உண்மையிலேயே அலுமினியம்தானா என்று பாருங்கள். உங்கள் கவர் அலுமினியம்தான், ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்களில் எடை குறைக்க மெக்னீசியம் வார்ப்பும் உண்டு. போர்ஷே 911-இன் கிராங்க் கேஸே (என்ஜினின் அடிக்கூடு) 1968-லிருந்து 1977 வரை மெக்னீசியத்தில்தான் வந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மறைவான ஓர் இடத்தைச் சுரண்டிவிட்டு ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மெக்னீசியமாக இருந்தால் நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். நுரைத்தால் கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். மெக்னீசியத் தூள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் மோசமாக எரியும்.

இப்போது பிளாஸ்டிங், அதாவது மணலையோ பொடிக் கண்ணாடி மணிகளையோ வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு நல்ல என்ஜினைக் கொல்ல இதைவிடச் சுலபமான வழி இல்லை. வால்வு கவரைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் ஒரு தகடு பொருத்தியிருக்கும். கிராங்க் கேஸிலிருந்து வரும் காற்றில் உள்ள எண்ணெயைப் பிரித்து நிறுத்துவது அதன் வேலை. அந்தத் தகட்டுக்கும் கவருக்கும் நடுவில் ஒரு குகையே இருக்கிறது. மணலோ கண்ணாடி மணியோ அடிக்கும்போது தூள் அதற்குள் புகுந்துகொள்ளும். எவ்வளவு கழுவினாலும், எவ்வளவு காற்று அடித்தாலும் முழுதாக வெளியே வராது. கவரை மாட்டி என்ஜினை ஓட்டும்போது சூடான எண்ணெய் அந்தத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக அலசி இறக்கும். அது கேம்ஷாஃப்ட்டின் மேலேயே விழும், அங்கிருந்து சம்ப் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி), எண்ணெய் பம்ப் என்று போய் பேரிங்கில் கீறல் விழும். ஆகவே தகட்டைக் கழற்றாமல் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். ஸ்க்ரூவாக இருந்தால் கழற்றலாம். ரிவெட்டாக இருந்தால் துளையிட்டு எடுத்து, திரும்ப மாட்ட வழி உண்டா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வழி இல்லையென்றால் கையாலேயே சுத்தம் செய்வது நல்லது. இன்டேக் மேனிஃபோல்டும் இதே கதைதான், அங்கே தங்கும் தூள் நேராக சிலிண்டருக்கே போகும். துளைகளைத் துணி திணித்து அடைப்பதும் போதாது. ரப்பர் அடைப்பானும், அதன் மேல் நல்ல டேப்பும் வேண்டும்.

உலர் பிளாஸ்டிங், ஈர பிளாஸ்டிங் இரண்டும் கிடைத்தால் ஈரத்தையே தேர்ந்தெடுங்கள். தண்ணீரோடு சேர்ந்து கண்ணாடி மணிகள் மேற்பரப்பை அறுக்காமல் தட்டி மூடும். தொழிற்சாலையில் வந்த அதே சாட்டின் மினுமினுப்பு திரும்ப வரும், கைரேகையும் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. உலர்வாக அடித்தது முதல் நாள் அழகாக இருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும்.

சரி, பாலிஷ். என் சிபாரிசு இதுதான்: இரண்டு கேம்ஷாஃப்டையும் மூடியிருக்கும் அந்த நீண்ட மேடுகளை மட்டும் பாலிஷ் போடுங்கள். நடுவில் ஸ்பார்க் பிளக் இருக்கும் பள்ளத்தையும் ஓரங்களையும் வார்ப்பாகவே விடுங்கள். மினுக்கும் இடமும் மங்கலான இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் அந்த வடிவம் எடுத்துத் தெரியும். முழுக்கக் கண்ணாடியாக்கிய கவரில் கண் எங்கேயும் நிற்காது.

உப்புத்தாள் 240-இல் தொடங்குங்கள் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்). ஆழமான அரிப்புக்குழி இருந்தால் மட்டும் 120. பிறகு 320, 400, 600, 800. 400-லிருந்து தண்ணீரோடு தேயுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய தாளின் கோடு ஒன்றுகூடத் தெரியாமல் போன பிறகுதான் அடுத்த தாளை எடுக்க வேண்டும். 240-இன் கோடு ஒன்று தங்கிவிட்டால் 800-ஆலோ பஃபிங் சக்கரத்தாலோ அதை எடுக்க முடியாது, பளபளப்பு ஏற ஏறத்தான் பளிச்சென்று தெரியும். ஆனால் வார்ப்பில் ஓர் எல்லை உண்டு. மேல்தோலுக்கு அடியில் ஊசிமுனை அளவுக் காற்றுத்துளைகள் இருக்கும். குழியைத் துரத்திக்கொண்டு ஆழமாகப் போனால் புதிதாகத் துளைகள் திறக்கும். ஒன்றிரண்டு குழிகளை விட்டுவிடுங்கள், முப்பது வருடம் உழைத்த பாகத்தில் அவை இருக்கலாம். வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கானும் கலந்திருப்பதால் தகட்டு அலுமினியம் போலக் குரோம் வெண்மை வராது, இலேசான சாம்பல் சாயல் இருக்கும். அதுதான் அதன் இயல்பான நிறம்.

பஃபிங்கில் (சுழலும் சக்கரத்தில் மெருகேற்றுவதில்) முதலில் கடினமான சைசல் நார்ச் சக்கரமும் பழுப்பு நிற டிரிப்போலி மெருகுக் கட்டியும், பிறகு தளர்வான பருத்திச் சக்கரமும் வெள்ளைக் கட்டியும். ஒரு சக்கரத்துக்கு ஒரு கட்டிதான், மாற்றித் தேய்த்தால் கரடுத்துகள் கலந்து கீறும். சக்கரத்தின் கீழ்ப்பாதியில், கீழ்நோக்கிச் சுற்றும் இடத்தில் மட்டும் பாகத்தைப் பிடியுங்கள். கூரான விளிம்பு சக்கரத்தில் மாட்டினால் பாகம் கையிலிருந்து பறந்துவிடும். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். இரும்பு தீட்டிய கிரைண்டரில் அலுமினியத்தைத் தீட்டாதீர்கள். துருத்தூளும் அலுமினியத்தூளும் கலந்தால் ஒரு பொறியிலேயே கொழுந்துவிட்டு எரியக்கூடிய கலவை அது.

முடிந்த பிறகு லாக்கர் என்ற நிறமற்ற வார்னிஷை அடிக்கச் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. வழவழப்பான அலுமினியத்தில் லாக்கருக்குப் பிடிப்பு கிடையாது. என்ஜின் சூட்டில் மஞ்சளிக்கும், ஒரு மூலையில் தூக்கிக்கொள்ளும், அதற்கு அடியில் ஈரம் போய்ப் புழு ஊர்ந்த தடம் மாதிரி அரிப்பு ஓடும். அப்புறம் எல்லாவற்றையும் உரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மெழுகு தடவி, மங்கும்போது ஆட்டோசால் போன்ற மெட்டல் பாலிஷைத் துணியில் எடுத்துத் துடைப்பதே போதும். நான் இருக்கும் இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பு தூவுவார்கள், உங்கள் பாகங்களில் உள்ள வெள்ளைப்பூ பெரும்பாலும் அந்த மாதிரி உப்பின் வேலைதான். அப்படிப்பட்ட ஊரில் ஓட்டுகிறவர்கள் பனிக்காலத்துக்கு முன் ஏசிஎஃப்-50 மாதிரி ஓர் அரிப்புத் தடுப்பு எண்ணெயை மெல்லிசாகப் பூசிவிட வேண்டும்.

பிராக்கெட்டுகள், போல்ட்டுகள் விஷயத்தில் வழி வேறு. அவற்றில் தங்க மஞ்சளாக மினுக்குவது துத்தநாக முலாம். துத்தநாகம் தான் அரிந்துகொண்டு இரும்பைக் காக்கிறது. கம்பி பிரஷ் சக்கரத்தில் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் காவலை நீங்களே உரித்துவிட்டீர்கள் என்று அர்த்தம், முதல் மழைக்கே துரு வந்துவிடும். முலாம் நன்றாக இருந்தால் சோப்புத் தண்ணீரோடு நிறுத்துங்கள். போயிருந்தால் துருவை சிட்ரிக் அமிலக் கரைசலில் நீக்கி, முலாம் பட்டறையில் மஞ்சள் துத்தநாகம் போடச் சொல்லுங்கள். தலையில் 10.9-உம் அதற்கு மேலும் வலிமைத் தரக்குறி உள்ள போல்ட்டுகளைக் கொடுக்காதீர்கள். அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் போய் அதை நொறுங்கும்படி செய்துவிடும். சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சுட்டு அதை வெளியேற்ற வேண்டும், எல்லாப் பட்டறையும் அதைச் செய்வதில்லை. அந்த மாதிரி போல்ட்டுகளைப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

ரப்பர் ஹோஸ்களுக்கு மினுக்குத் திரவம் வேண்டாம். வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

மாட்டும்போது பழைய கேஸ்கட்டை (கசிவைத் தடுக்கும் ரப்பர் அடைப்பு) திரும்பப் போடாதீர்கள். கேம்ஷாஃப்ட்டின் முன், பின் வளைவுகள் தட்டையான பரப்பைச் சந்திக்கும் மூலைகளில் மட்டும் சிறிது சிலிக்கான் சீலன்ட் வையுங்கள். கவர் போல்ட்டுகளுக்கு 5-லிருந்து 9 நியூட்டன் மீட்டருக்குள்தான் முறுக்கு, நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில். கைக்கு இது போதவே போதாது என்று தோன்றும், ஆனாலும் நிறுத்திவிடுங்கள். அதிகம் முறுக்கினால் கேஸ்கட் பிதுங்கும், கவர் உட்காரும் சிலிண்டர் தலையில் உள்ள அலுமினிய மரை போய்விடும். என்ஜினைச் சூடாக்கி ஓட்டிப் பார்த்த பிறகு பின்பக்கம் எண்ணெய் கசிந்தால் உடனே கவரைச் சந்தேகிக்காதீர்கள். இந்த 1.6 லிட்டர் என்ஜினில் சிலிண்டர் தலையின் பின்முனையில் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் (கேம்ஷாஃப்ட் சுற்றும் நிலையை அறியும் கருவி) ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து கசிவது மிகவும் சாதாரணம். கவர் கையில் இருக்கும்போதே அந்த ஓ-ரிங்கையும் மாற்றிவிடுங்கள். பிறகு அந்தச் சந்துக்குள் கை போகாது.