இவாஞ்சலிக்கல் வேறு, அடிப்படைவாதி வேறு

"நான் இவாஞ்சலிக்கல்" என்ற நண்பரிடம் "அப்போ நீங்கள் அடிப்படைவாதியா?" என்று கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அவர் வருத்தம் நியாயமானதுதான். இரண்டும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்துக்குள் உள்ள வெவ்வேறு போக்குகள். முதல் சொல் 'நற்செய்தி' என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; 16ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் காலத்திலேயே புழங்கியது. மற்றது 1920இல் கர்ட்டிஸ் லீ லாஸ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் இதழாசிரியர் உருவாக்கியது. அன்று அது வசைச்சொல் இல்லை, தாங்களே விரும்பிச் சூட்டிக்கொண்ட பெயர்.

பைபிளில் பிழையே இல்லை என்று இரு தரப்பிலும் பலர் நம்புவதால்தான் இந்தக் குழப்பம். மாற்றுக் கருத்துள்ள சபைகளோடு சேர்ந்து உழைக்கலாமா என்பதில்தான் பெரிய பிளவு. 1957 நியூயார்க் நற்செய்திக் கூட்டங்களில் அமெரிக்க இவாஞ்சலிக்கல் போதகர் பில்லி கிரஹாம் அப்படிச் சேர்ந்தபோது, அடிப்படைவாதத் தலைவர்கள் பலர் அவரை விட்டு விலகினார்கள்.

நண்பரிடம் தயங்காமல் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம், அந்தப் பெயர் அவருக்கு என்ன பொருள் தருகிறது என்றும் கேளுங்கள்.