கஜகஸ்தான் யார் பக்கம்? ஒரு தேயிலை வியாபாரியின் கேள்வி

கேள்வி: குன்னூரில் தேயிலை வியாபாரம் செய்கிறேன். அல்மாட்டியிலிருந்து ஓர் ஆர்டர் வரும்போல் இருக்கிறது. கஜகஸ்தான் ரஷ்யாவோடு ஒரே சுங்கக் கூட்டில் இருக்கிறது, சீனாவோடும் அமெரிக்காவோடும் நெருங்குகிறது. நாளை ஒரு பக்கம் சாய்ந்தால் என் சரக்கும் பணமும் மாட்டிக்கொள்ளுமா?

பதில்: அது ஒரு பக்கமாகச் சாயும் என்று நான் நினைக்கவில்லை. சாயாமல் இருப்பதுதான் அந்த நாட்டின் பிழைப்பே. அதனால் கட்சி பார்க்காதீர்கள், வழியைப் பாருங்கள்.

கஜகஸ்தானுக்குப் பெருங்கடலைத் தொடும் கரை கிடையாது. ரஷ்யாவுடன் மட்டும் 7,500 கி.மீ.க்கு மேல் எல்லை. எண்ணெய் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் ரஷ்ய மண் வழியாக நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்குப் போகும் ஒரே குழாயில்தான் ஓடுகிறது. 2022 ஜனவரியில் கலவரம் வெடித்தபோது அதிபர் டோகாயேவ் கேட்டதும் ரஷ்யா தலைமையிலான படை வந்தது. சில நாட்களில் திரும்பியும் போனது. அதே ஆண்டு ஜூனில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் புதினோடு ஒரே மேடையில் உட்கார்ந்துகொண்டே, ரஷ்யா தனி நாடுகளாக அங்கீகரித்திருந்த கிழக்கு உக்ரைன் பகுதிகளான டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் இரண்டையும் தனி நாடுகளாக ஏற்க மாட்டோம் என்றார் டோகாயேவ். அடுத்த மாதமே ஒரு ரஷ்ய நீதிமன்றம் அந்தக் குழாயை 30 நாள் மூடச் சொன்னது. எண்ணெய்க் கசிவு தொடர்பான விதிமீறல் என்றார்கள். பிறகு மேல்முறையீட்டில் அது வெறும் அபராதமாகச் சுருங்கியது. குழாய் நிற்கவில்லை, ஆனால் அது யார் கையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அதனால்தான் அந்த நாடு ஒவ்வொரு வேலையையும் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. தெங்கிஸ் எண்ணெய் வயலில் பாதிப் பங்கு அமெரிக்க எண்ணெய் நிறுவனமான செவ்ரானுக்கு. முதல் அணுமின் நிலையத்துக்கு 2025 ஜூனில் ரஷ்ய அரசு அணுசக்தி நிறுவனமான ரோசாட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்தது சீனாவுக்கு என்றார்கள். இதைத் தடுமாற்றம் என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய அண்டை வீட்டார் இருவருக்கு நடுவே குடியிருப்பவருக்கு இதைவிட நிதானமான வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, உங்கள் சரக்குக்கு வருவோம். சீனாவின் லியான்யுங்காங் துறைமுகத்தில் இறக்கி, ரயிலில் ஹோர்கோஸ் எல்லை வழியாக அனுப்பலாம். சீனத் தண்டவாளம் 1,435 மி.மீ., கஜகஸ்தானில் 1,520 மி.மீ.; எல்லையில் கன்டெய்னரை வேறு வண்டிக்கு மாற்றுவார்கள், நெரிசல் காலத்தில் தாமதமாகும். ஈரானின் பந்தர் அப்பாஸ் வழி பார்வைக்குக் குறுக்கு. ஆனால் அமெரிக்கத் தடைகள் இருப்பதால் கப்பல், காப்பீடு, வங்கி மூன்றிடமும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கருங்கடல் கரையிலுள்ள ஜார்ஜியாவில் இறக்கி, அஜர்பைஜானின் பாகுவிலிருந்து காஸ்பியன் கடலைக் கடந்து கஜகஸ்தானின் அக்தாவு துறைமுகத்துக்குப் போகும் வழி ரஷ்யாவைத் தொடாது. ஆனால் இரண்டு முறை கப்பலேற்ற வேண்டும், செலவு கூடும்.

தேயிலை ரஷ்யா மீதான மேற்கத்தியத் தடைப்பட்டியலில் உள்ள பொருள் அல்ல. இருந்தாலும் 2015-இல் தொடங்கிய யூரேசியப் பொருளாதார ஒன்றியத்துக்குள் (நீங்கள் சொன்ன சுங்கக் கூட்டு இதுதான்), அல்மாட்டியில் சுங்கம் முடித்த சரக்கு ரஷ்யாவுக்குள் மறுபடி சுங்கம் இல்லாமல் போய்விடும். அதனால் கடைசியில் யார் வாங்குகிறார் என்று உங்கள் வங்கி கேட்கலாம். வாங்குபவரிடம் ஒப்பந்தத்திலேயே அதை எழுதி வாங்கிவிடுங்கள். பணம் வரும் வங்கியின் பெயரையும் முன்கூட்டியே உங்கள் வங்கியிடம் காட்டுங்கள். அது தடையில் உள்ள வங்கியாக இருந்தால் வேறு வங்கி கேளுங்கள். அப்புறம், பாக்கெட்டில் கஜக், ரஷ்ய மொழி லேபிளும் ஒன்றியத்தின் தர முத்திரையும் வேண்டும். முதல் ஆர்டரை ஒரே ஒரு கன்டெய்னராக அனுப்பிப் பாருங்கள்.