எந்த போன் வாங்கலாம்? கேமரா பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பட்ஜெட் 25,000 ரூபாய். ஒரு போனில் 200 மெகாபிக்சல். இன்னொன்றில் 50 மெகாபிக்சல், கூடவே ஓஐஎஸ் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி). 200 வாங்குவதுதானே சரி?

பதில்: அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். 200 மெகாபிக்சல் கேமரா வழக்கமாகச் சேமிக்கும் படம் 12.5 மெகாபிக்சல்தான், பதினாறு சின்னப் பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. 50 மெகாபிக்சல் கேமரா நாலைச் சேர்த்து ஒன்றாக்குகிறது, அதுவும் 12.5க்கே வந்து நிற்கும். ஒளியைப் பிடிக்கும் சென்சார் எவ்வளவு பெரியது, கை நடுக்கத்தைத் தாங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓஐஎஸ் இருந்தால் கை ஆடும்போது லென்ஸ் எதிர்ப்பக்கம் நகர்ந்து ஈடுகட்டும். விளக்கு வெளிச்சத்தில் போன் கூடுதல் நேரம் எடுத்துப் படம் பிடிக்கும். அந்த நேரத்தில் ஓஐஎஸ் இல்லையென்றால் படம் கலங்கிவிடும். அந்த 200 மெகாபிக்சல் போனில் ஓஐஎஸ் இல்லையா? யோசிக்கவே வேண்டாம், 50 வாங்குங்கள்.

கேள்வி: மூன்று கேமரா உள்ள போன், அதில் ஒன்று 2 மெகாபிக்சல் மேக்ரோ (மிக அருகில் வைத்து எடுப்பதற்கானது). பயன்படுமா?

பதில்: படாது. இரண்டு கேமரா என்றே கணக்கு வையுங்கள்.

கேள்வி: கூகுளின் பிக்சல் 8 போன், சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 இரண்டும் என் விலைக்குள் வருகின்றன. வீட்டில் ரெண்டு வயதுப் பையன், ஓரிடத்தில் நிற்க மாட்டான். பெரியவள் பள்ளி மேடையில் நடனம் ஆடுவாள்.

பதில்: மேடைக்கு எஸ்24. அதில் 3 மடங்கு ஜூம் செய்யத் தனி லென்ஸ் உண்டு; பிக்சல் 8-ல் கிடையாது, நடு வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் முகம் தேறாது. ஆனால் வீட்டுக்குள் ஓடுகிற பையனைப் பிடிக்க நான் பிக்சலைத்தான் எடுப்பேன். ஆண்டு விழா வருடத்துக்கு ஒருமுறை, பையன் தினமும் ஓடுகிறான், அதனால் என் ஓட்டு பிக்சலுக்கு. கைக்கு அடக்கம் முக்கியம் என்றால் எஸ்24 167 கிராம், பிக்சல் 187. இரண்டுக்கும் வெளியான நாளிலிருந்து 7 வருட அப்டேட் உண்டு: பிக்சல் 2023 அக்டோபர், எஸ்24 2024 ஜனவரி.

கேள்வி: நாங்கள் எல்லோரும் கறுப்பு. என் போனில் எடுத்தால் வெளுத்துப் போய்விடுகிறோம். என்ன செய்வது?

பதில்: முதலில் பியூட்டி ஃபில்டரை அணையுங்கள். செல்ஃபி, போர்ட்ரெய்ட் இரண்டிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்றில் அணைத்தாலும் மற்றதில் ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியும் வெளுத்தால் அது போனின் கணக்கு. முகத்தைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக்குகிறது. கறுப்பு, மாநிறத் தோலைச் சரியாகக் காட்டவென்றே கூகுள் 2021-ல் பிக்சல் 6 போனுடன் ரியல் டோன் என்ற வசதியைக் கொண்டுவந்தது. எனக்கு இது மெகாபிக்சலைவிடப் பெரிய விஷயம். அப்பாவின் படத்தில் அப்பாவின் நிறம் இருக்க வேண்டும். வாங்கும் முன் உங்கள் வீட்டு ஆட்களையே நிற்க வைத்து எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் சேலை விற்கிறேன். "படத்தில் அரக்கு, கையில் வந்தது மெரூன்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஐபோன் வாங்கினால் சரியாகுமா?

பதில்: செலவு செய்யாதீர்கள். டியூப்லைட் வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் எந்த போனும் நிறத்தில் தடுமாறும். விளக்கை அணைத்துவிட்டு, நேர் வெயில் படாத ஜன்னல் பக்கம் சேலையை விரியுங்கள். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். படத்தில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் சேலையின் நிறமும் தப்பு. உங்கள் போன் திரையின் நிற அமைப்பு 'விவிட்' என்பதில் இருந்தால் 'நேச்சுரல்' ஆக்குங்கள், இல்லாவிட்டால் நிறத்தை நீங்களே தப்பாகத்தான் பார்ப்பீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. வாட்ஸ்அப், பேரன் படம், அவ்வளவுதான்.

பதில்: கேமராவுக்குப் பணம் போடாதீர்கள். வெயிலிலும் தெளிவாகத் தெரியும் திரை, சத்தமான ஸ்பீக்கர், பெரிய எழுத்து போதும். பேரன் படத்தை நீங்கள் அனுப்பும்போது எச்டி-யில் அனுப்புங்கள்.

கேள்வி: கடையில் ஐந்து நிமிடம்தான் கையில் தருவார்கள். எதைப் பார்ப்பது?

பதில்: கடை வெளிச்சத்தில் எல்லாப் போனும் நன்றாகத்தான் எடுக்கும். மேஜைக்கு அடியில் நிழலில் ஒரு படம் எடுங்கள். நண்பரைக் கையசைக்கச் சொல்லி ஒன்று. பூட்டிய போனில் பவர் பட்டனை இரண்டு தட்டுத் தட்டி, கேமரா எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது என்று பாருங்கள். படங்களை அந்தத் திரையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக உங்கள் போனுக்கு அனுப்பி, பெரிதாக்கிப் பாருங்கள்.