நாங்கள் நம்பியிருக்கும் பேக்எண்ட் சேவையை மூடப்போகிறார்கள். ஆப்பை முதலிலிருந்து எழுத வேண்டுமா?

வேண்டாம். "எல்லாம் பழசு சார், புதுசாவே எழுதிடலாம்" என்று யாராவது கொட்டேஷனோடு வந்தால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

உங்களுடையது சின்ன டீம், சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தனியாள் இல்லை, அதனால்தான் ஆப்பின் டேட்டாவையும் சர்வரையும் வேறொருவர் பார்த்துக்கொள்ளும் இப்படி ஒரு பேக்எண்ட் சேவையை எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நாங்கள் பார்ஸ் (Parse) என்ற சேவையை எடுத்ததும் அதற்காகத்தான். 2013-இல் ஃபேஸ்புக் அதை வாங்கியதும் எல்லாருக்கும் ஒரு தெம்பு வந்தது. 2016 ஜனவரி 28 அன்று, மூடப்போகிறோம், ஒரு வருடம் கெடு என்று அறிவித்துவிட்டார்கள்.

அப்போது எங்கள் பொறுப்பில் இருந்தது ஈரோட்டு ஜவுளி மொத்த வியாபாரி ஒருவரின் ஆர்டர் ஆப். ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகள் கடையில் நின்றபடியே அதில் ஆர்டர் போடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் போனில் எந்த ஆப்பையும் அப்டேட் செய்ததே கிடையாது. "அப்டேட் பண்ணிருங்கண்ணா" என்றால், "இடமில்லைன்னு காட்டுதுங்க தம்பி" என்பார்கள். உங்கள் உண்மையான தலைவலி இதுதான். சர்வரை ஒரு ராத்திரியில் மாற்றிவிடலாம். அடுத்தவர் பாக்கெட்டில் இருக்கும் போனை நாம் மாற்ற முடியாது.

பார்ஸ்காரர்களை இன்றும் திட்டுபவர்கள் உண்டு. ஆனால் இந்தத் தலைவலிக்கு அவர்கள் கொடுத்த மருந்தை நான் மதிக்கிறேன். அதே வேலையைச் செய்யும் பார்ஸ் சர்வரை, யாரும் எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொள்ளும்படி ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டதோடு நிற்காமல், டேட்டாவை மட்டும் முதலில் நகர்த்த வழி செய்தார்கள். டாஷ்போர்டில் நம் மாங்கோடிபி டேட்டாபேஸின் முகவரியைக் கொடுத்தால் போதும். நகல் எடுக்கும், அதற்கிடையில் விழும் புது ஆர்டர்களையும் சேர்த்துக்கொள்ளும், சரிபார்க்கும். கடைசியில் 'ஃபைனலைஸ்' பட்டன். அதை அழுத்தும்வரை பின்வாங்கலாம். அழுத்திய பிறகும் பழைய ஆப் பழைய பார்ஸ் முகவரிக்கே பேசும், ஆனால் ஆர்டர் வந்து விழுவது நம் டேட்டாபேஸில். புது ஆப் நம் சர்வர் வழியாக அதே டேட்டாபேஸுக்கு வரும். கெடு முடிவதற்குள் ஒவ்வொரு பிரதிநிதியாகப் பிடித்து, போனில் இடம் காலிசெய்து, அப்டேட் போட்டுவிட அவகாசம் கிடைத்தது.

ஆகவே டேட்டா முதலில், சர்வர் அடுத்து, ஆப் கடைசியில். புது ஆப்பில் உங்கள் சொந்த டொமைனைத்தான் எழுத வேண்டும், கிளவுட் நிறுவனம் தரும் முகவரியை அல்ல. நாளைக்கு அவர்களும் கடையை மூடினால் டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில் ஒரு வரியை மாற்றினால் முடிந்தது.

கோடில் கை வைக்க வேண்டிய இடங்களும் இருந்தன. கிளவுட் கோடில், அதாவது சர்வரில் ஓடும் நம் கோடில், அனுமதித் தடைகளைத் தாண்டவிடும் 'யூஸ்மாஸ்டர்கீ'யை மேலே ஒரு முறை எழுதினால் பழைய பார்ஸில் போதும். பார்ஸ் சர்வரில் ஒவ்வொரு கொரிக்கும் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கும்) தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ராத்திரி ஓடும் பேக்ரவுண்ட் ஜாப்களை, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானுக்கு மாற்றினோம். துணி சாம்பிள் படங்கள் டேட்டாபேஸோடு வராது. அதில் இருப்பது 'டிஎஃப்எஸ்எஸ்' என்று தொடங்கும் ஃபைல் பெயர் மட்டும்தான், படம் பார்ஸின் ஸ்டோரேஜில் இருக்கும். தனியாக ஸ்கிரிப்ட் எழுதி அமேசானின் எஸ்3 ஸ்டோரேஜில் எங்கள் பக்கெட்டுக்கு இறக்கினோம். உங்கள் சேவையிலும் படங்கள் எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

"ஃபயர்பேஸுக்குப் போயிருக்கலாமே?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். அது கூகுளின் பேக்எண்ட் சேவை. அன்றைய ஃபயர்பேஸ் டேட்டாபேஸ் ஒரே பெரிய ஜேசன் மரம், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய டேட்டா. எங்களுடையது ஒன்றோடொன்று இணைந்த கிளாஸ்கள் (டேட்டா அட்டவணைகள்), அவற்றின் மேல் கொரிகள். போயிருந்தால் நிஜமாகவே முதலிலிருந்து எழுத வேண்டி வந்திருக்கும். சாட் ஆப் வைத்திருப்பவருக்கு என் கணக்குப் பொருந்தாமல் போகலாம், அதை மறுக்கவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன எதுவும் எங்களை அவ்வளவு வாட்டவில்லை. அந்த ஆண்ட்ராய்டு ஆப்பை முதலில் எழுதியவர் வேறொருவர். ஆப்பில் கையெழுத்துப் போடும் சாவி இருக்கும் கீஸ்டோர் ஃபைல் அவரிடம். அது இல்லாமல் அதே ஆப்புக்கு அப்டேட் போட முடியாது. போன் செய்தால் எடுக்க மாட்டார், எடுத்தால் "பழைய பாக்கி இருக்கு" என்பார். காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருடைய ஆப்பின் சாவியை இப்படிப் பிடித்து வைப்பது என்ன தொழில் நேர்மை? கடைசியில் முதலாளியே நேரில் போய், கேட்ட தொகையைக் கொடுத்து வாங்கி வந்தார்.

2017-இல் கூகுளே சாவியை வைத்துக்கொள்ளும் வசதி வந்தது, 2021 ஆகஸ்டிலிருந்து புது ஆப்களுக்கு அதுதான் வழி. உங்களுடையது அதற்கு முந்தைய ஆப் என்றால், கீஸ்டோர் யாரிடம், பிளே ஸ்டோரில் ஆப்பை வெளியிடும் பிளே கன்சோல் கணக்கு யார் பெயரில் என்று இன்றைக்கே பாருங்கள். எந்தச் சேவை என்று கேள்வியில் நீங்கள் குறிப்பிடவில்லை. கமெண்டில் சொன்னால், அதில் டேட்டாவை எப்படி வெளியே எடுப்பது என்று தெரிந்தவரை எழுதுகிறேன்.