ஊசி போட்ட இடம் வேறு, வலிக்கிற இடம் வேறு

கேள்வி: எனக்கு வயது 28. மதுரை மாவட்டம், திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். 14 மாதத்துக்கு முன் சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு ஆறு, ஏழு மாதம் ஆனதிலிருந்து இடது பக்கம் இடுப்புக்குக் கீழே பின்புறம் வலிக்கிறது. படுக்கையில் புரண்டால், பஸ் படி ஏறினால், உட்கார்ந்து எழுந்தால் சுருக்கென்று பிடிக்கிறது. சில நாள் தொடை வரை இறங்கும். வீட்டில் மல்லிகைப் பூ கட்டிக் கொடுக்கிறேன். தினமும் நாலைந்து மணி நேரம் தரையில் உட்கார வேண்டும். ஆபரேஷனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் இப்படி, ஆயுசுக்கும் போகாது என்கிறார் மாமியார். ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. யூடியூபில் பார்த்தால் கால் விளங்காமல் போகும் என்கிறார்கள். சிறுநீரகமோ, கர்ப்பப்பையோ என்றும் பயம். பிறக்கும்போது கால் முதலில் வந்த ஒருவரை வைத்து இடுப்பை மிதிக்கவும் செய்தார்கள். நாலு மாதமாக வலி கூடும்போது மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கி இரண்டு நாள் சாப்பிடுகிறேன், உடனே கேட்கிறது. இன்னொரு குழந்தை பெறலாமா? மறுபடியும் அந்த ஊசி போட்டால் என் இடுப்பு என்ன ஆகும்?

பதில்: தாராளமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் அந்த ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நான் சொன்னால் மட்டும் நம்பிக்கை வராது, நீங்களே தொட்டுப் பாருங்கள். நின்றுகொண்டு இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றுங்கள். கைக்குத் தட்டுப்படுகிற எலும்பு விளிம்பு இருக்கிறதே, ஏறக்குறைய அந்த உயரத்தில், முதுகுத்தண்டின் நட்டநடுவில்தான் ஊசி போட்டிருப்பார்கள். இப்போது வலிக்கிற இடத்தை ஒரே ஒரு விரலால் காட்டுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், விரல் அங்கிருந்து நாலு விரல்கடை கீழே இறங்கி, இடது பக்கம் நகர்ந்து, பிட்டத்துக்கு மேலே சின்னதாகக் குழி விழுகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். அந்த ஊசி அரை மில்லிமீட்டர் பருமன்தான். தண்டுவடம் முடிந்த பிறகு, அதற்கும் கீழேதான் அதைச் செலுத்துவார்கள். போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், சிலருக்கு முதல் வாரத்தில் தலைவலி வரலாம். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, ஏழாவது மாதம் வேறொரு இடத்தில் போய் அது வலியைக் கிளப்பாது. ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆன பெண்களும் இதே குழியைத் தொட்டுக் காட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

அப்படியானால் ஏன் ஆறாம் மாதத்துக்குப் பிறகு வந்தது? அந்த வயதில்தான் குழந்தையின் தலை நன்றாக நின்று, இடுப்பில் உட்காரப் பழகும். வலது கை வேலைக்கு வேண்டும் என்பதால் நம் பெண்கள் பெரும்பாலும் இடது இடுப்பில்தான் வைத்துக்கொள்வார்கள். இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, ஏழெட்டுக் கிலோவை அதன் மேல் உட்கார வைத்துக்கொண்டு குழம்பைக் கிளறுவது, குழாயடிக்குப் போவது எல்லாம் நடக்கும். அந்தக் குழிக்கு அடியில் இருப்பது சாக்ரோ இலியாக் என்கிற மூட்டு. முதுகெலும்பு வரிசையின் அடியில் ஆப்பு அடித்ததுபோல ஒரு முக்கோண எலும்பு இருக்கிறது. அது இருபுறமும் இடுப்பெலும்போடு சேரும் இடம் இது. மேல் உடம்பின் பாரம் முழுவதும் இதன் வழியாகத்தான் காலுக்கு இறங்குகிறது. அசைவு என்று பார்த்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், கெட்டியான நார்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கர்ப்ப காலத்தில் அந்த நார்கள் தளரும், பிரசவத்துக்குப் பிறகு பழைய இறுக்கத்துக்கு வரச் சில மாதம் ஆகும். வயிற்றுத் தசையும் பிட்டத் தசையும் இன்னும் தேறாத நேரத்தில் ஒரு பக்கமாகவே பாரம் ஏற்றினால் மூட்டு முரண்டு பிடிக்கும். போதாததற்கு நாலைந்து மணி நேரம் தரையில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டிப் பூக்கட்டுகிறீர்கள்.

மற்ற பயங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடலாம். சிறுநீரக வலி விலாவுக்குக் கீழே இருக்கும், படுக்கையில் புரண்டால் அதிகமாகாது. கர்ப்பப்பை வலி படி ஏறும்போது மட்டும் சுருக்கென்று பிடிக்காது. ஸ்கேனில் வந்த டிஸ்க் பிதுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் சுமார் 30 சதவீதம் பேருக்கு அது தெரியும். டிஸ்க் நரம்பை அழுத்தினால் வலி பெரும்பாலும் முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை மின்சாரம் போல இறங்கும். உங்களுக்குத் தொடையோடு நிற்கிறது. கால் விளங்காமல் போகும் என்று சொல்கிற வீடியோக்களைத் தயவுசெய்து பார்க்காதீர்கள். உங்கள் உடம்பை ஒரு முறைகூடத் தொட்டுப் பார்க்காத ஒருவர், உங்கள் காலைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும்? சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் தெரியாமல் போனாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போனாலோ, இரண்டு காலும் பலம் இழந்தாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அதில் எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

சரி, எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு எழுதிய நீங்கள், நேரில் வந்திருந்தால் நான் முதலில் கேட்டிருக்கக்கூடிய ஒன்றை எழுதவில்லை. காலையில் எழும்போது எப்படி இருக்கிறது?

வாசல் தெளித்துக் கோலம் போடுகிறீர்கள் அல்லவா? எழுந்தவுடன் குனிய முடிகிறதா? முதல் இரண்டு மூன்று நிமிடம் பிடித்துக்கொண்டு, புள்ளி வைத்து முடிப்பதற்குள் சரியாகிவிட்டால் பயமில்லை, அது மூட்டில் ஏறிய பாரத்தின் வலி. அப்படி இல்லாமல் இடுப்பு மரக்கட்டைபோல விறைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் குனியவே முடியாமல், வேலை செய்யச் செய்ய இளகி, பத்து மணிக்கெல்லாம் ஒன்றுமே இல்லாததுபோல ஆகிறதா? குழந்தை அழாமலேயே இரவு இரண்டு மூன்று மணிக்கு வலி எழுப்புகிறதா? எழுந்து நாலு நடை நடந்தால் குறைகிறதா? வலி சில வாரம் இடது பக்கம், சில வாரம் வலது பக்கம் என்று மாறுகிறதா? ஓய்வில் கூடி, நடமாட்டத்தில் குறைகிற வலி என்றால் அது வேறு நோயாக இருக்கலாம், ஆக்ஸியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ் என்று பெயர். மூட்டில் உள்ளிருந்தே அழற்சி, அதாவது நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிறது. பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கும். கவனிக்காமல் விட்டால், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

செல்லூரிலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். முப்பது வயதைத் தாண்டாதவர். அறைக்குள் வந்ததும் நான் பக்கவாட்டிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் கழுத்தைத் திருப்பவில்லை, மொத்த உடம்பையும் திருப்பித்தான் என்னைப் பார்த்தார். ஆறு ஆண்டாக டிஸ்க் என்றும் வாயு என்றும் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதிகாலை மூன்று மணிக்கு வலி எழுப்பிவிடும், தறியில் உட்கார்ந்து கால் மிதிக்க ஆரம்பித்தால் விட்டுவிடும், அதனால் அந்த நேரத்திலேயே நெய்ய உட்கார்ந்துவிடுவேன் என்று அவராகச் சொன்னார். இதைக் கேட்டாலே போதும், இந்த நோயாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிடும். அந்த ஆறு ஆண்டில் யாரும் அவரிடம் காலையைப் பற்றிக் கேட்கவில்லை. இதற்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன, ஆனால் ஒட்டிப்போன எலும்பைப் பிரிக்க மருந்து இல்லை. பெண்களுக்கு இது இன்னும் தாமதமாகத்தான் தெரிகிறது. ஆண்களுக்கு வரும் நோய் என்ற பழைய எண்ணம் மருத்துவர்களிடமே இருந்தது. கூடவே, பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறார்கள்.

செட் மாத்திரை மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கும் இதுதான் காரணம். அந்தக் காகிதப் பொட்டலத்தில் ஒரு வலி மாத்திரை, ஒரு வயிற்று மாத்திரை, கூடவே பெயர் தெரியாத ஒரு சின்ன மாத்திரை இருக்கும். பல நேரம் அது டெக்ஸாமெதசோன் மாதிரியான ஸ்டீராய்டு. உடனே கேட்கிறது என்றால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வரும். அது அழற்சியை அமுக்கி, நான் மேலே கேட்ட கேள்விகளுக்கான பதிலையே மறைத்துவிடும். நம் ஊரில் காசநோய் இந்த மூட்டிலும் வந்து உட்காரும். சாயங்காலம் லேசான காய்ச்சல், எடை குறைதல் எல்லாம் அதன் அடையாளம். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துக் கிருமியை வளர்த்துவிடும். அடிக்கடி சாப்பிட்டால் எலும்பு பலம் இழக்கும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும். நீங்கள் தாய்ப்பால் கொடுக்கிறீர்களா என்றாவது கடைக்காரர் கேட்டாரா?

நீங்கள் விட்டு விட்டு இரண்டு நாள்தான் சாப்பிட்டதாக எழுதியிருப்பதால் இன்றே நிறுத்திவிடலாம். இதைப் படிக்கிற வேறு யாராவது மூன்று வாரத்துக்கு மேல் தினமும் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாது. மாத்திரையோடு மருத்துவரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால் 650 போட்டுக்கொள்ளுங்கள், ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். பால் கொடுப்பதற்கு அது தடையில்லை.

அப்புறம் ஒரு வாரம், காலண்டர் தாளிலேயே குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை நிமிடம் கழித்து நிம்மதியாகக் குனிய முடிந்தது, இரவு வலி எழுப்பியதா. அரை மணிக்கு மேல் என்று பெரும்பாலான நாள் வந்தால், மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கோ உங்களுக்கு வசதியான வேறு இடத்துக்கோ போய், மூட்டுவாத மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதை மட்டும் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள், அதில் தெரியப் பல ஆண்டு ஆகும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் இந்த மூட்டுக்கென்று எடுக்க வேண்டும். வழக்கமாக இடுப்புத் தண்டுக்கு எடுக்கும் ஸ்கேனில் இந்த மூட்டு சரியாக விழாது. ஹெச்.எல்.ஏ. பி27 என்ற ரத்தப் பரிசோதனை மட்டும் தீர்ப்புச் சொல்லாது: அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை, இல்லாதவர்களுக்கும் நோய் வருவதுண்டு. எப்போதாவது கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தக் கண்ணும் இந்த இடுப்பும் ஒரே நோயின் இரண்டு முகமாக இருக்கலாம்.

விறைப்பு சில நிமிடத்தில் போய்விடுகிறது என்றால், உங்கள் விஷயத்தில் அப்படித்தான் இருக்கும் என்பது என் கணிப்பு, நீங்கள் செய்ய வேண்டியது இது. குழந்தையை இடுப்பில் வைப்பதை இரண்டு மாதம் விடுங்கள். தூக்க வேண்டியிருந்தால் நெஞ்சோடு சேர்த்துத் தூக்குங்கள். பூக்கட்டும்போது பலகையோ முக்காலியோ போட்டு உட்காருங்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து திண்ணை வரை நடந்துவிட்டு வாருங்கள். வண்டியில் ஒரு பக்கமாக உட்காராமல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். ஒருக்களித்துத் தூங்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். புரளும்போது இரண்டு முழங்காலையும் சேர்த்தே திருப்புங்கள்.

உண்மையான மருந்து தசைக்குப் பலம் ஏற்றுவதுதான். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, பிட்டத்தை இறுக்கி மெல்லத் தூக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். காலையில் பத்து, மாலையில் பத்து. பிறகு ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, பாதங்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறக்கிற மாதிரி திறந்து மூடுங்கள். இரண்டு பக்கமும். சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கித் தளர்த்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் இருபது நிமிடம் நடங்கள். முதல் வாரத்தில் பலன் தெரியாது, ஆறு வாரத்துக்குப் பிறகுதான் தெரியும். பலர் மூன்றாம் வாரத்தில் விட்டுவிட்டு மறுபடி மெடிக்கலுக்குப் போகிறார்கள். பெல்ட் போட விரும்பினால், வயிற்றைக் கட்டும் அகலப் பெல்ட் பயன்படாது. தொடை எலும்பு முட்டு தெரியும் உயரத்தில், இடுப்பெலும்பைச் சுற்றி இறுக்கும் குறுகிய பெல்ட் வேண்டும், அதுவும் வேலை செய்யும்போது மட்டும். வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பது எல்லாம் செய்யுங்கள், சுகமாக இருக்கும். மிதிக்க மட்டும் படுக்காதீர்கள். தளர்ந்த நாரின் மேல் ஒரு ஆள் ஏறி நிற்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால், படம் பார்த்துக்கொண்டே அந்த மூட்டுக்குள் மருந்து செலுத்தும் சிகிச்சை இருக்கிறது. அதுவும் இடுப்பில் போடும் ஊசிதான், பயந்து மறுத்துவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தக் காலண்டர் தாளையும், மிச்சம் இருக்கும் செட் மாத்திரைப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.