சட்டம் பேசுவோம்: லைட் டியூட்டிக்குக் கையெழுத்து எதற்கு?

கேள்வி: என் கணவர் நாமக்கல்லில் ஒருவரிடம் பன்னிரண்டு சக்கர லாரி ஓட்டுகிறார். 2024 ஆகஸ்டில், லோடு ஏற்றிவிட்டுத் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து மேலிருந்து விழுந்தார். இடது குதிகால் நொறுங்கி, தகடு வைத்திருக்கிறார்கள். சம்பளம் 14,000, பேட்டா தனி. ஷெட்டில் உட்கார்ந்து டயர் கணக்கும் டீசல் சீட்டும் பார்க்கச் சொல்கிறார் முதலாளி. லைட் டியூட்டியாம், 9,000 தருவாராம். "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று எழுதித் தரவும் கேட்கிறார். கையெழுத்துப் போடலாமா?
- வாசகி, ராசிபுரம்

பதில்: வேலைக்குப் போகட்டும் அம்மா, கையெழுத்து வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுத்தருவதாக எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் விபத்து நடந்தபோது நடைமுறையில் இருந்த (2025 நவம்பரில் நீக்கப்பட்ட) 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி செல்லாது. செல்லாத காகிதம்தான் என்றாலும், அதைக் காட்டி வழக்கை வாய்தா வாய்தாவாக இழுப்பார்கள்.

கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக வண்டியை அனுப்பும் வழக்கம் வந்த பிறகு, தார்ப்பாயும் ஓட்டுநர் தலையில்தான் விழுகிறது. வண்டி ஓடாதபோது விழுந்தார் என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது.

தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்தை அரை மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். உங்கள் கணவருக்கு அது 3,500 ரூபாய். லைட் டியூட்டிக்குப் போய்விட்டால், பழைய சம்பளத்துக்கும் புதுச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அது தாண்டக்கூடாது என்கிறது சட்டம். வித்தியாசம் 5,000. ஆக, அரை மாதத்துக்கு 2,500. 9,000 சம்பளத்தோடு இந்த இரண்டு 2,500-ஐயும் கூட்டிப் பாருங்கள், பழைய 14,000 வந்துவிடும். முதலாளி எழுதிக் கேட்கும் காகிதத்தின் விலை மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவும் அவர் பொறுப்புதான். பில் ஒன்றையும் தொலைக்காதீர்கள். பேட்டாவைப் பயணப்படி என்று சொல்லிக் கணக்கில் சேர்க்க மறுப்பார், அதனால் டிரிப் கணக்குச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் வழி வேறு. அங்கே சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். முதலாளியிடம் கேட்க முடியாது.

மருத்துவரிடம் ஒன்றைக் கறாராகக் கேளுங்கள். "லைட் டியூட்டி" என்று இரண்டு சொல்லில் சீட்டு எழுதி வாங்கிவந்தவர்கள், அடுத்த வாரமே "சும்மா ஏறித் தார்ப்பாயை ஒரு பார்வை பார்" என்று ஏவப்பட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏணி, லோடு மேல் ஏறக்கூடாது, எடை தூக்கக்கூடாது, தொடர்ந்து நிற்கக்கூடாது, எந்தத் தேதி வரை கிளட்ச் மிதிக்கக்கூடாது என்று விவரமாக எழுதி வாங்குங்கள். தொப்பூர் இறக்கத்தில் லோடு வண்டிக்குக் கியர் மாற்ற, பாதி ஆறிய குதிகாலை நம்ப முடியாது.

சிகிச்சை முடிந்தும் ஓட்ட முடியாமல் போனால், நிரந்தர இழப்பீடு. கால் எத்தனை சதவீதம் போனது என்பதோடு கணக்கு நின்றுவிடுவதில்லை, ஓட்டுநராகச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதே கேள்வி. இடது கையை இழந்த தச்சருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்று முழு இழப்பாகவே எடுத்துக்கொண்டதை உச்ச நீதிமன்றம் 1975இல் சரி என்றது.

முதலாளியும் பயப்படத் தேவையில்லை. லாரிக்கான கட்டாயக் காப்பீட்டிலேயே ஓட்டுநருக்கான இந்தப் பொறுப்பு அடக்கம். கட்டிய பிரீமியத்தை அவர் ஏன் மறந்துவிடுகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை! ஒரு மாதம் தாண்டி இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி. காரணமில்லாத தாமதம் என்றால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதம். அபராதம் மட்டும் அவர் சொந்தப் பையிலிருந்து போகும். இதைச் சொல்லிப் பாருங்கள். மசியவில்லையென்றால் விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் இழப்பீட்டு ஆணையரிடம் மனு கொடுங்கள். விபத்து எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையரிடமே கொடுக்கலாம்.

கேள்வி: அண்ணன் அரசு பஸ் ஓட்டுநர். பணியில் கால் ஊனமாகிவிட்டது. விருப்ப ஓய்வு எழுதித் தரச் சொல்கிறார்கள்.
- வாசகர், ஆத்தூர்

பதில்: எழுதித் தர வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4)ஐக் குறிப்பிட்டு, ஊனச் சான்றிதழோடு மாற்றுப் பணி கேட்டு மனு கொடுங்கள். அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். பணியிடம் இல்லையென்றால் கூடுதல் இடம் ஒன்றை உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். ராசிபுரம் அம்மாவின் கணவருக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது. அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும்.